சாவிக்கடைக்குள் ஒரு எல்லைக்கல்

டேப் மேடம் என்றால்தான் அந்தக் கடைத்தெருவில் எல்லாருக்கும் தெரியும். சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டீர்களானால், "அப்படி இங்க யாரும் இல்லையே" என்று கையை விரித்துவிடுவார்கள். சாலைத்துறை அலுவலகத்தில் சர்வேயர். வெயிலில் அலைந்து கறுத்த கழுத்து, காலில் கான்வாஸ் ஷூ, தோளில் நூறடி டேப், மூக்குக்கு மேல் கோபம். டேப்பின் மறுமுனையைப் பிடிக்கிற ஆள் ஒரு விரற்கடை தளர விட்டால் போச்சு. "பிடிக்கிறதுன்னா ஒழுங்காப் பிடி, இல்லன்னா வீட்டுக்குப் போய்த் தூங்கு!" என்று நடுரோட்டில் வைத்து வாங்கு வாங்கென்று வாங்கிவிடுவார். ஆனால் சும்மா சொல்லக் கூடாது. இருபத்தாறு வருஷத்தில் அவர் போட்ட அளவைச் சந்தேகப்பட்டு மறுபடி அளந்தவர்கள் எல்லாரும் வாயை மூடிக்கொண்டுதான் திரும்பியிருக்கிறார்கள்.

அப்பேர்ப்பட்டவர் ஒரே ஒரு தடவை தப்பாக அளந்தார். அதுவும் தன் அலுவலகத்து வாசலிலேயே.

அந்தச் சாலையை எண்பதடி அகலத்துக்கு விரிவாக்க உத்தரவு வந்திருந்தது. ஒரு பக்கம் ஒட்டி ஒட்டிப் பதினோரு கடைகள். எதிர்ப் பக்கம் முழுக்கச் சாலைத்துறை அலுவலகத்தின் நீண்ட மதில். வண்டித் தொல்லை இருக்காது என்று கடைகள் அடைத்திருக்கும் விடுமுறை நாளாகப் பார்த்து அளக்கச் சொன்னார்கள். முறைப்படி பார்த்தால் பழைய வரைபடத்தை எடுத்து, சாலை நிலத்தின் ஓரங்களில் முன்னோர்கள் நட்டுவைத்த எல்லைக்கற்களைத் தேடிப் பிடித்து, அதிலிருந்துதான் அளக்க வேண்டும். வரைபடம் இருந்த அலமாரியின் சாவியோ தொலைந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. "நடு ரோட்டுல வெள்ளைக்கோடு பளிச்சுன்னு இருக்கே, மேடம். அங்கிருந்து இந்தப் பக்கம் நாப்பது, அந்தப் பக்கம் நாப்பது. இதுக்குப் போய் அலமாரியை உடைப்பாங்களா?" என்றார் பெரிய இன்ஜினியர். மேடத்துக்கு மனசு ஒப்பவில்லை. ஆனாலும் தலையை ஆட்டிவிட்டார். மூடிக் கிடந்த ஷட்டர்களில் சிவப்புப் பெயிண்டால் கோடு விழுந்தது, புது வரைபடத்தில் அவர் கையெழுத்தும் விழுந்தது.

மறுநாள் காலையில் ஷட்டரைத் தூக்க வந்தவர்கள் கோட்டைப் பார்த்துத் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்கள். தையல்காரர், முடிதிருத்துகிறவர், சைக்கிள் கடைக்காரர், எல்லாருக்கும் அடிதான். அதிலும் சாவிக்கடைக்காரர் பாடு சொல்லி மாளாது. அவர் கடையின் ஆழமே ஒன்பதடி. முன் பாதியில் அவருடைய அரமும் சுத்தியலும். பின் பாதியில் அவர் மனைவி குடையும் பைக்கு ஜிப்பும் தைக்கிற மெஷின். ஒன்பதில் ஆறு போகும் என்றது சிவப்புக் கோடு. "மூணு அடியில நாங்க ரெண்டு பேரும் நிக்கலாம். நின்னுக்கிட்டு என்ன பண்றது? ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கிட்டு இருக்கவா?" என்று கேட்டார் மனைவி. 

கடைக்காரர்களின் ஆட்சேபனை கேட்க வெள்ளிக்கிழமை கூட்டம் என்று அறிவித்தார்கள். கூட்டத்தில் பழைய வரைபடத்தின் நகலையும் வைக்க வேண்டும் என்று மேலிடத்திலிருந்து ஒரு வரி வந்தது. சாவி? எதிர்ச் சாரியில்தானே சாவிக்கடை! ஆளைக் கூப்பிட்டார்கள். பாவம், மனுஷன் அரத்தையும் பல் வெட்டாத வெறும் சாவிகளையும் தூக்கிக்கொண்டு, தன் கடையை இடிக்கப்போகிற அலுவலகத்துக்கே வந்து, முக்கால் மணி நேரம் அலமாரியோடு மல்லுக்கட்டித் திறந்து கொடுத்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் போய்விட்டார். தன் தலையெழுத்தே அந்த அலமாரிக்குள் சுருட்டி வைத்திருப்பது அவருக்கு எப்படித் தெரியும்?

மேடம் வரைபடத்தை விரித்துப் பார்த்தார். கல்லுக்குக் கல் எண்பதடி, சரி. ஆனால் மதில் வரைந்திருந்த இடத்தைப் பார்த்ததும் ஸ்கேலை எடுத்து மறுபடி வைத்துப் பார்த்தார். வரைபடத்து மதில் எங்கேயோ இருந்தது, இப்போது நிற்கிற மதில் எங்கேயோ இருந்தது. யாரோ, எப்போதோ, கார் நிறுத்த இடம் போதவில்லை என்று மதிலை ரோட்டுப் பக்கம் தள்ளிக் கட்டியிருக்க வேண்டும். மதில் நகர நகரத் தாரும் நகர்ந்து, வெள்ளைக்கோடும் கடைகளைப் பார்த்து நகர்ந்திருக்கிறது. அப்படியானால் அவர் நடு என்று நினைத்து அளந்தது நடுவே இல்லை!

அன்று சாயங்காலம் வீட்டில் சாப்பாட்டு மேஜை மேல் நகலை விரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பஸ் ஓட்டிவிட்டு வந்த புருஷன் தட்டு வைக்க இடம் தேடினார்.

"தலைமை சர்வேயர் பட்டியல்ல உன் பேர்தான் முதல்ல இருக்கு. தனி ரூம், ஜன்னல் எல்லாம் வரப்போவுது. இந்த நேரத்துல வேலியில போறதை எடுத்து ஏன் மடியில விட்டுக்கறே? இன்ஜினியர் சொன்னார், நீ அளந்தே. உன் மேல என்ன தப்பு?"

"டேப் அவர் கையிலயா இருந்துச்சு? என் கையில இருந்துச்சு."

"உன்கிட்டப் பேசி ஜெயிக்க முடியுமா!" என்று முறுக்கிக்கொண்டு தட்டை மடியில் வைத்தே சாப்பிட்டு முடித்தார். காலையில் பார்த்தால், மேடத்தின் கான்வாஸ் ஷூ துவைத்துக் காய்ந்து வாசலில் தயாராக இருந்தது. முறுக்கிக்கொண்டவர் கை வேலைதான்.

வரைபடம் மட்டும் இருந்தால் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், கல் வேண்டும். ஒரே ஒரு கல் நட்ட இடத்தில் நின்றால் போதும். இந்த முறை மேடம் கடைகள் திறந்திருக்கும் நேரத்தில் போனார். தையல்காரரின் மேஜைக்கு அடியில் குனிந்தார், சைக்கிள் கடையில் டயர்களை நகர்த்தினார். "இன்னும் எதை இடிக்கலாம்னு பார்க்க வந்தியாம்மா?" என்று குத்தலாகக் கேட்டார் முடிதிருத்துகிறவர். வேறு நாளாக இருந்தால் கடித்துக் குதறியிருப்பார். அன்றைக்கு அவர் நாற்காலிக்கு அடியிலும் குனிந்து பார்த்தார்.

அப்போதுதான் சாவிக்கடையிலிருந்து சத்தம் கேட்டது. சுத்தியல் அடிக்கிற சத்தம். இரும்பு மேல் அடித்தால் கணீர் என்று எழும்பும். இது மொத்து மொத்தென்று கீழே இறங்கியது. எத்தனை கல்லைத் தோண்டி எடுத்தவர் மேடம்! பூமிக்குள் மூணடி இறங்கிய கல்லின் சத்தம் அவர் காதுக்குத் தப்புமா? நேரே கடை வாசலில் போய் நின்றார்.

சாவிக்காரர் அவரைப் பார்த்தார். பார்த்த மாத்திரத்தில் பக்கத்தில் கிடந்த சாக்கை எடுத்து முன்னால் இருந்த எதையோ மூடி, அதன் மேலேயே ஏறி உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணே, கொஞ்சம் எந்திரிங்க."

"முட்டி வலி மேடம். உட்கார்ந்தா எந்திரிக்க முடியாது."

"இப்பத்தானே நின்னுக்கிட்டு இருந்தீங்க?"

"அதனாலதான் வலி."

பின்னால் மெஷின் நின்றது. மனைவி தலையைத் திருப்பிக்கொண்டார். விஷயம் இதுதான்: இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் கடை கட்டும்போது, தெருவைப் பார்க்க இருக்கட்டும் என்று ஒரே ஒரு அடியை முன்னால் இழுத்துக் கட்டியிருந்தார் சாவிக்காரர். கல் கடைக்குள் மாட்டிக்கொண்டது. பிடுங்கப் பார்த்தார், அசையவில்லை. சரி, கிடக்கட்டும் என்று அதையே அடிகல்லாக வைத்துக்கொண்டார். ஊர்ப் பூட்டெல்லாம் அதன் மேல் அடி வாங்கியது. ஆனால் அரசாங்க ஆள் யார் வந்தாலும் மேலே சாக்கு விழுந்துவிடும். கல்லைப் பார்த்துவிட்டால் ஆக்கிரமிப்பு என்று கடையையே காலி பண்ணிவிடுவார்களோ என்ற பயம். ஒரு அடி களவுக்குப் பயந்து, ஆறடியைக் காப்பாற்றப்போகிற கல்லின் மேல் மனுஷன் ஏறி உட்கார்ந்திருந்தார்!

போலீஸைக் கூப்பிட்டிருக்கலாம், சட்டம் பேசியிருக்கலாம். மேடம் ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"அண்ணே, நான் தப்பா அளந்துட்டேன்."

சாவிக்காரர் நிமிர்ந்து பார்த்தார். சர்க்கார் ஆள் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தையை அவர் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை.

"வெள்ளைக்கோட்டை நம்பி அளந்தேன். கல்லைத் தேடியிருக்கணும், தேடல. உங்க கடையில ஆறடி போகுதுன்னு கோடு போட்டது இந்தக் கைதான். அது தப்புன்னு நிரூபிக்கணும்னா எனக்குக் கல்லு வேணும். நீங்க முன்னால இழுத்த கொஞ்சம் போயிடும், அதை நான் மறைக்க மாட்டேன். ஆனா மிச்சம் உங்களுது."

"கூட்டத்துல என்னைத் திருடன்னு சொல்லுவாங்களே, தங்கச்சி?"

"அதுக்கு முன்னாடி என்னைச் சொல்லுவாங்க. நான்தான் முதல்ல எந்திரிச்சுப் பேசப்போறேன்."

 பின்னாலிருந்து மனைவியின் குரல் வந்தது. "அந்தம்மா அவ்வளவு சொல்லுது. முட்டி வலியாம் முட்டி வலி! எந்திரிங்க."

எழுந்தார். சாக்கை உருவினார். இருபத்தெட்டு வருஷ அடி வாங்கி வழவழத்துப்போன கல்லின் பக்கவாட்டில், சாலைத்துறை செதுக்கிய அம்புக்குறி அப்படியே இருந்தது. மேடம் அதைத் தடவிப் பார்த்தார். அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. டேப்பை எடுத்துச் சமாளித்தார்.

கூட்டத்தில் முதலில் எழுந்தது அவர்தான். "இந்த அளவு தப்பு, சார். மறுபடி அளக்கணும்."

பெரிய இன்ஜினியர் கண்ணாடியை இறக்கினார். "இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமா சார். அதனாலதான் நான் வந்து சொல்றேன்."

எல்லாரும் தெருவுக்கு வந்தார்கள். இரண்டு பக்கமும் வண்டிகளை நிறுத்தினார்கள். டேப்பின் பூஜ்ய முனையைக் கல்லின் மேல் வைத்துப் பிடித்துக்கொண்டார் சாவிக்காரர். "தளர விட்டீங்கன்னா தெரியும் சேதி!" என்று ஒரு அதட்டல் போட்டுவிட்டு, மேடம் மறுமுனையை இழுத்துக்கொண்டு சாலையைக் கடந்தார். மதில் வந்தது; எண்பது வரவில்லை. மதிலுக்கு மேல் டேப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு, கேட் வழியாகச் சுற்றி ஓடி உள்ளே பிடித்தார். எண்பதடி முடிந்த இடத்தில் பெரிய இன்ஜினியரின் கார் நின்றது.

"வண்டியை எடுங்க," என்றார் மேடம்.

டிரைவர் இன்ஜினியரைப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார். எடுக்கும்போது முன்சக்கரம் ஒரு மேட்டில் ஏறி இறங்கியது. "இந்த மேடு எப்பவுமே இப்படித்தாங்க. சிமென்ட் சரியாப் போடல," என்றார் அந்த அப்பாவி. கடப்பாரையால் நாலு போடு போட்டார்கள். சிமென்டுக்குள்ளிருந்து அம்புக்குறியோடு அடுத்த கல் எட்டிப் பார்த்தது. மதிலிலிருந்து உள்ளே சரியாக ஐந்தடி. கடைக்காரர்கள் போட்ட கூச்சலில் நிறுத்தியிருந்த பஸ்ஸிலிருந்தவர்களெல்லாம் ஜன்னலில் தலையை நீட்டினார்கள். குத்தலாகப் பேசிய முடிதிருத்துகிறவர்தான் எல்லாரையும் விட அதிகமாகக் கத்தினார்.

கோடு மாறியது. சாவிக்கடைக்கு ஆறு போய் ஒன்றானது. அந்த ஒன்றையும் ஆள் வருவதற்கு முன்னால் சாவிக்காரரே சுத்தியலை எடுத்து இடித்துக் கொடுத்துவிட்டார். மதில் ஐந்தடி உள்ளே போனது, கார் வெயிலுக்கு வந்தது. மேடத்துக்கு மெமோ வந்தது: கவனக்குறைவாக அளந்த காரணத்தால் பதவி உயர்வு நிறுத்திவைக்கப்படுகிறது. தலையாட்டச் சொன்னவருக்கு ஒன்றும் வரவில்லை. எனக்குத்தான் இதை எழுதும்போதும் வயிறு எரிகிறது. மேடம் அந்தக் காகிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, "எழுதியிருக்கிறது சரிதானே" என்று கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார். தனி ரூமும் ஜன்னலும் அவருக்கு ஜூனியராக இருந்தவருக்குப் போயின.

மூன்று வருஷம் கழித்து, ஓய்வு பெறுகிற அன்று மத்தியானம், டேப்போடு சாவிக்கடை முன்னால் வந்து நின்றார். கல் இப்போது கடைக்கு வெளியே, நடைபாதை ஓரத்தில் நின்றது. உள்ளே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"ஒரு தடவை பிடிங்கண்ணே. திருப்பிக் கொடுக்கறதுக்கு முன்னாடி பார்த்துடுறேன்."

சாவிக்காரர் வந்து பூஜ்ய முனையைக் கல்லில் வைத்து அழுத்திப் பிடித்தார். மேடம் புதுச் சாலையைக் கடந்துபோய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"சரியா இருக்கா?"

"சரியா இருக்கு."

சாவிக்காரர் முனையை விடவில்லை. மெமோ விஷயம் போன வாரம்தான் இன்ஜினியரின் டிரைவர் சொல்லி அவருக்குத் தெரியவந்திருந்தது. "தங்கச்சி, என்னோட ஆறடிக்காக உன்னோட ரூம் போச்சே," என்றார். 

"ஆறு இல்லண்ணே, அஞ்சு," என்றார் டேப் மேடம். "அளவைச் சரியாச் சொல்லுங்க. ஒரு அடி நீங்க திருடினது."

சாவிக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்துவிட்டார். பிறகுதான் டேப்பை விட்டார்.