துண்டு இல்லாமல்

என் தொண்டை போனதை முதலில் கண்டுபிடித்தவர்கள் என் வகுப்புப் பிள்ளைகள்தான். பெயர் கூப்பிடுகிறேன், ஒருத்தரும் எழும்பவில்லை. கேட்கவே இல்லையாம். கண்டி ஆஸ்பத்திரியில் குழாயை விட்டுப் பார்த்த டொக்டர், சில மாதங்களுக்குப் பேசவே கூடாது, மீறினால் குரல் திரும்பாது என்றார். வாயால் பிழைக்கிறவளிடம் சொல்கிற பேச்சா இது?

கட்டுகஸ்தோட்டைப் பக்கம் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். லீவு கேட்டேன், இல்லை என்றார்கள். விலகுகிறேன் என்றேன். டைரக்டர் ஒப்பந்தத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். இரண்டு வருடம் முடியாமல் விலகினால் மூன்று மாதச் சம்பளத்தைக் கட்ட வேண்டும். கட்டும்வரை, வேறிடத்தில் சேரத் தேவையான சேவைக் கடிதம் கிடையாது.

"நீங்க வச்ச கையெழுத்துதானே மிஸ். குரல் இல்லாட்டி போர்ட்ல எழுதிப் படிச்சுக் குடுங்க."

என் கையெழுத்துதான். கேள்வியை ஒழுங்காக வாசித்துவிட்டு விடை எழுதுங்கள் என்று நாள் முழுக்கக் கத்துகிற நான், வேலை கிடைத்த சந்தோஷத்தில் வாசிக்காமலே வைத்தது. என் மீதே எனக்கு ஆத்திரமாக வந்தது.

ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில், வரிசையாக நிற்கும் லயத்து வீடுகளில் ஒன்றான எங்கள் வீட்டில், அம்மா ஒன்றைத்தான் கேட்டாள்.

"துண்டு குடுப்பாங்களா?"

கடன் தீர்ந்தது என்று துரை துண்டு எழுதிக் கொடுத்தால்தான் ஒரு காலத்தில் தோட்டத்து ஆட்கள் வேறு தோட்டத்துக்குப் போகலாம். துண்டில்லாமல் போனால் பாய்ந்தவர்கள், கடனோடு தப்பி ஓடியவர்கள். அந்த வழக்கம் அம்மா பிறக்கும் முன்பே ஒழிந்துவிட்டது. சொல் மட்டும் எங்கள் வீட்டை விட்டுப் போகவில்லை.

"பாய்ஞ்சவள எவன் வேலைக்கு எடுப்பான்? பல்லக் கடிச்சிக்கிட்டு இரு."

இருந்தேன். கொழுந்து பறித்துவந்து கையைத் தேய்த்துக் கழுவுகிறவளிடம், அந்தக் காசைக் கட்டு என்று எந்த வாயால் சொல்வது? பஸ்ஸில் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு அழுவேன். நல்லவேளை, அதற்குச் சத்தம் தேவையில்லை.

ஒரு நாள் இடைவேளையில், மாடி விறாந்தைக் கட்டைச் சுவரில் என் வகுப்புப் பிள்ளை ஒன்று ஏறி வெளியே குனிந்துகொண்டிருந்தது. பெயரைச் சொல்லிக் கத்தினேன். காற்றுத்தான் வந்தது. மறுபடி கத்தினேன். ஒன்றுமில்லை. கையிலிருந்த டஸ்டரை வீசி எறிந்தேன். அது பக்கத்தில் போய் விழ, பிள்ளை திரும்பிப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இறங்கியது. நான்தான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

அன்றைக்கே விலகல் கடிதத்தைக் கொடுத்தேன். காசை எப்படியாவது கட்டுவேன் என்று அதிலேயே எழுதினேன். எப்படி என்று எனக்கே தெரியாது. டைரக்டர் வாங்கி வைத்துக்கொண்டார். பதிலுக்கு ஒன்றும் தரவில்லை.

வீட்டுக்கு வந்தபோது அம்மா வாசலில் நின்றாள்.

"துண்டு?"

தலையை ஆட்டினேன், இல்லை என்று.

"அப்ப பாய்ஞ்சிட்டியா?"

அந்தப் பிள்ளையைப் பற்றிச் சொல்ல வாயைத் திறந்தேன். அம்மா சட்டென்று என் வாயைப் பொத்தினாள். அந்தக் கையில் கொழுந்துக் கறை இன்னும் கழுவாமல் இருந்தது.

"பேசாத," என்றாள். "பேசக் கூடாதுல்ல."