கரையில் மட்டும் வரும் ரத்தம்

"உங்க நைனாவுக்கு மறுபடியும் வெளிக்குப் போறப்ப ரத்தம் வருது. கேட்டா சூடுன்றாரு." போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் அம்மா சொன்னார்.

உங்கள் வீட்டிலும் எல்லாவற்றையும் 'சூடு' என்று தள்ளிப்போடும் ஆள் ஒருவர் இருப்பார்தானே?

நைனா — அப்பாதான் — காசிமேட்டில் விசைப்படகில் வேலை செய்பவர். மீன்பிடித் தடை முடிய நாலே நாள் இருந்தது. இளநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"தடைக்காலம் வந்தா வரும்டா. போன வருசமும் வந்துச்சு. கடலுக்குப் போனா தானா நின்னுடும்."

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பயோகெமிஸ்ட்ரி வேறு. சும்மா இருப்பேனா? செரடோனினில் ஆரம்பித்தேன். மனசோடு சேர்த்துப் பேசுகிறோமே, அந்த ரசாயனத்தில் பெரும்பகுதி குடலில்தான் உருவாகிறது. குடலை அசைய வைப்பதில் அதற்குப் பெரிய பங்கு. குடல் புற்றுநோயிலும் பங்கு உண்டா என்று தேடிக்கொண்டிருக்கிறார்கள்...

"அப்போ சந்தோசம் வயித்துலதான் கீதுன்ற?"

"அப்படி இல்ல நைனா. குடல்ல சுரக்கறது மூளைக்குப் போவாது."

"அத்த வுடு. கரையில குந்திகினு கீறதால எனக்கு வத்திப்போச்சு. போட்டுல ஏறுனா ஊறிடும். நீயே சொல்ட்ட."

"புள்ளைய படிக்க வெச்சது நல்லா உதவுது," என்றார் அம்மா.

கடுப்பில் கேட்டேன். "கடல்ல நின்னுடுதுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

அந்தப் படகில் கழிப்பறை கிடையாது. பின்பக்கம் கயிற்றைப் பிடித்து உட்கார வேண்டியதுதான்.

"அங்க யாருடா குனிஞ்சு பாக்கறது? அலை இஸ்துகினு பூடும்..."

சொன்னவர் அப்படியே நிறுத்தினார். இளநீரைக் கீழே வைத்தார்.

மறுநாள் அரசு மருத்துவமனைக்குப் போனோம். வெள்ளிக்கிழமை கேமரா விட்டுப் பார்த்தார்கள். குடலில் ஒரு கட்டி. சதை எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். ரிசல்ட் வர இன்னும் ஒரு வாரம்.

டாக்டரிடம் செரடோனின் பற்றிக் கேட்டேன்.

"அதெல்லாம் இன்னும் ஆராய்ச்சியில இருக்கு தம்பி. ரத்தம் வந்த அன்னிக்கே கூட்டிட்டு வந்திருக்கணும்."

ஞாயிற்றுக்கிழமை படகு நைனா இல்லாமல் கிளம்பியது. அவர் வாசற்படியில் உட்கார்ந்து, இன்ஜின் சத்தத்தை வைத்தே எது யார் படகு என்று சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா மூன்று முறை சாப்பிடக் கூப்பிட்டார்.

சின்ன வயதில், தடை முடியும் நாளில் என் நைனா மட்டும் போகாமல் வீட்டிலேயே இருந்துவிட வேண்டும் என்று எவ்வளவு ஏங்கியிருக்கிறேன் தெரியுமா?

இதோ, இருக்கிறார். போ நைனா, போய்ட்டு வா என்று சொல்லத்தான் நாக்கு துடிக்கிறது.