பிள்ளையாரும் மஞ்சள் கோடும்

வடிவம்மாவுக்கு அரசாங்கக் கந்தோர்களில் கைகட்டி நிற்க வராது. கதிரையைக் காட்டினால் இருப்பாள், காட்டாவிட்டாலும் இருப்பாள். தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு தாயின் இடுப்பில் இருந்தபடி வன்னிக்கு வந்தவள். காடு வெட்டிக் குடியேறியதையும், அந்தக் குடியை விட்டு ஓடியதையும், முகாமில் வரிசையில் நின்றதையும், திரும்பி வந்து மறுபடி கிணறு இறைத்ததையும் கண்டவளுக்கு, ஒரு மேசையும் அதற்குப் பின்னால் ஒரு மனிதரும் என்ன பெரிய விசயமா? அவள் பேசுவது வன்னிப் பேச்சுத்தான். ஆனால் கோபம் தலைக்கேறினால் தாயின் தோட்டத்துப் பேச்சு வந்துவிடும். அது வந்தால் வேப்பஞ்சந்தியில் எல்லோரும் கொஞ்சம் தள்ளி நிற்பார்கள்.

வேப்பஞ்சந்தி கண்டாவளைப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். பிரதான வீதி ஊரை நடுவால் பிளந்துகொண்டு போகிறது. வடக்குப் பக்கம் வீடுகள். தெற்குப் பக்கம் பள்ளிக்கூடம், பஸ் நிற்கும் இடம், வேப்பமரம், அதற்குப் பக்கத்தில் வடிவம்மாவின் புருசன் ராஜரத்தினத்தின் சைக்கிள் கடை. யுத்தத்தின் கடைசி மாதங்களில் ராஜரத்தினத்தின் வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. பொய்க்கால் போட்டு நடக்கிறார். காலையில் கடைக்கு, மதியம் சோற்றுக்கு, திரும்பக் கடைக்கு, பொழுதுபட வீட்டுப் படலைக்கு என்று ஒவ்வொரு நாளும் அவர் அந்த வீதியைக் கடந்தாக வேண்டும். கையைப் பிடிக்க யாரையும் விடமாட்டார். “நான் என்ன குருடனே?” என்று கேட்பார்.

வீதி குண்டும் குழியுமாகக் கிடந்த காலத்தில் அதில் பயம் இருக்கவில்லை. மாட்டு வண்டியும் பஸ்ஸும் ஒரே வேகத்தில்தான் போயின. பிறகு தார்க் காப்பெட் போட்டார்கள். ஊரே வீதியில் இறங்கி நின்று, கறுப்பாக மினுங்கிய தாரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தது. அடுத்த கிழமையிலிருந்து மணல் டிப்பர்கள் பறக்கத் தொடங்கின. ஒரு நாள் மோட்டார் சைக்கிள் ஒன்றின் கண்ணாடி ராஜரத்தினத்தின் தோளில் தட்டி, அவர் வீதிக்கரையில் விழுந்தார். “விழுந்தன், எழும்பினன். இதுக்கேன் ஊரைக் கூட்டுறாய்?” என்றார். மறுநாள் வடிவம்மா சாறி மாற்றிக்கொண்டு கந்தோருக்குப் போனாள்.

அங்கே அவளுக்குக் கிடைத்தவர் பிரஷாந்தினி, வீதி வேலைகளைப் பார்க்கும் தொழில்நுட்ப உத்தியோகத்தர். இளம் பெண், கழுத்து வெயிலில் கறுத்திருந்தது. கதிரையில் இருந்து மட்டும் வேலை பார்க்கிறவர் இல்லை என்று வடிவம்மா கண்டுகொண்டாள்.

“வாகனம் மெதுவாப் போக எங்களுக்கு ரோட்டிலை ஒரு மேடு போட்டுத் தாங்கோ மிஸ்.”

“பிரதான வீதியிலை மேடு போட விதி இல்லை அம்மா. அம்புலன்ஸும் அந்த வீதியாலைதானே ஓடவேணும். ஆக்கள் கடக்கிற மஞ்சள் கோடு கேட்டுப் பாப்பம். பள்ளிக்கூடம் இருக்கிறபடியா கிடைக்கும். பொலிஸும் வந்து பாக்கவேணும், கொஞ்சம் சுணங்கும்.”

பிரஷாந்தினி வந்தார், அளந்தார், பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு ஓடுவதைப் படம் எடுத்தார், போனார். பிறகு ஒன்றும் நடக்கவில்லை. நடக்கவில்லை என்பதும் சரியில்லை. கந்தோர்களுக்குள் ஏதோ நடந்துகொண்டுதான் இருந்தது, அது வேப்பஞ்சந்திக்குத் தெரியவில்லை. வடிவம்மாவுக்குப் பொறுமை என்பது சாமான் வாங்கப் போய் மறந்துவிட்டு வருகிற பொருள்.

கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் அவள் எழுந்தாள். “முறிகண்டியிலை எந்தக் கொம்பனும் நிப்பாட்டாமல் போறானே? பஸ் நிக்குது, லொறி நிக்குது, பெரிய பெரிய ஆக்களின்ரை வாகனமும் நிக்குது. அங்கை மேடு இருக்கோ? கோடு இருக்கோ? பிள்ளையார் இருக்கிறார். எங்கடை வேம்படியிலையும் ஒருத்தரைக் கொண்டுவந்து இருத்துவம்.”

சங்கத் தலைவர் மயில்வாகனம், எதற்கும் இரண்டு முறை தொண்டையைச் செருமுகிற மனிதர், அன்றைக்கு ஒரு முறைதான் செருமினார். யோசனை அவ்வளவு பிடித்துப்போயிற்று. முழங்கால் உயரத்தில் ஒரு சீமெந்துப் பிள்ளையாரை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றி வந்தார்கள். ஐயரைக் கேட்டால் நாள் பார்ப்பார், நாள் பார்த்தால் ஆவணி போய்விடும் என்று வடிவம்மாவே கல்லடுக்கி, சாந்து பூசி, பிள்ளையாரைத் தூக்கி வைத்தாள். தலைக்கு மேலே நாலு தகரம்.

வாகனங்கள் நின்றன. அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். முதலில் தனியார் பஸ் ஒன்று நின்றது. நடத்துநர் குதித்து இறங்கிக் கற்பூரம் கொளுத்தினார். அதைப் பார்த்து மற்றப் பஸ்களும் நின்றன. டிப்பர்காரர்கள் நிற்காவிட்டாலும் வேகத்தைக் குறைத்து, ஒரு கையால் நெஞ்சைத் தொட்டுக்கொண்டு போனார்கள். மாதம் முடிவதற்குள் கச்சான் கடலை விற்கிற இருவர் வந்து குந்திவிட்டார்கள். வடிவம்மா சந்தியால் நடந்தால் ஊர் அவளுக்கு வழிவிட்டது. அவளுக்கும் தலை கொஞ்சம் கனத்தது. அந்தக் கனத்தோடுதான் கந்தோருக்குப் போய், “இனி உங்கடை கோடு எங்களுக்குத் தேவையில்லை மிஸ். கோடு போடுறதெண்டா வேறை ஊருக்குப் போடுங்கோ. எங்களைப் பிள்ளையார் பாத்துக்கொள்ளுவார்” என்று சொல்லிவிட்டு வந்தாள்.

பிரஷாந்தினி ஏதோ சொல்ல வாயெடுத்தாராம். இவள் நின்று கேட்கவில்லை.

ராஜரத்தினம்தான் முதலில் முணுமுணுத்தார். “உன்ரை பிள்ளையார் வந்த பிறகு எனக்கு ரோட்டே தெரியேல்லை.” உண்மைதான். வேம்படியின் இரண்டு பக்கமும் பஸ்ஸும் வானும் வரிசையாக நின்றன. அவற்றின் இடுக்கால் தலையை நீட்டித்தான் வருவதைப் பார்க்க வேண்டியிருந்தது. வடிவம்மா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எதைச் செய்தாலும் குறை சொல்கிற மனுசன் என்று நினைத்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம், சோற்றுக்காக வந்த ராஜரத்தினம், நின்ற பஸ்ஸுக்கு முன்னால் வீதியில் இறங்கினார். பஸ்ஸை விலத்திக்கொண்டு ஒரு வான் வந்தது. சாரதி பிறேக்கை அழுத்தி மிதித்தான், ராஜரத்தினம் பின்னால் சாய்ந்தார், வானின் முன்சில்லு அவருடைய பொய்க்காலின் மேல் ஏறி நின்றது. வடிவம்மா படலையிலிருந்து ஓடி வந்தபோது, அவர் தாரில் இருந்தபடி பட்டியை அவிழ்த்துக் காலை வானுக்கே விட்டுவிட்டு, இரண்டு கையையும் ஊன்றிக் கரைக்கு நகர்ந்துகொண்டிருந்தார். முழங்கை உரசியிருந்தது. இரத்தம் அவ்வளவு இல்லை. பொய்க்கால் மட்டும் நசுங்கி அப்பளமாகிவிட்டது.

“மற்றக் கால் எண்டா என்ன செய்திருப்பன்?” என்று அவர் கேட்டார். அவள் குசினிக்குள் போய், அடுப்புக்கு முன்னால் இருந்து வாய்விட்டு அழுதாள். பிள்ளையாரை வைத்தது அவள். கோடு வேண்டாம் என்றதும் அவள். யாரையும் குற்றம் சொல்லக் கிடைக்காதது அவளுக்குப் பெரிய வேதனையாக இருந்தது.

புதுக்கால் வர இரண்டு மூன்று மாதம் செல்லும் என்றார்கள். ராஜரத்தினம் விறாந்தையில் கதிரையைப் போட்டு, பூட்டிக்கிடக்கும் தன் கடையையே பார்த்துக்கொண்டிருந்தார். கால் வந்தாலும் அதே வீதியைத்தான் அவர் கடக்கப் போகிறார். வடிவம்மா மறுபடி கந்தோருக்குப் போனாள். இந்த முறை கதிரையைக் காட்டிய பிறகும் நின்றாள்.

“நான் சொன்னது பிழை மிஸ். கோட்டைப் போட்டுத் தாங்கோ.”

பிரஷாந்தினி சிரிக்கவில்லை, அதற்காகவே வடிவம்மாவுக்கு அந்தப் பெண்ணில் மதிப்பு வந்தது. “அனுமதி வந்திட்டுது அம்மா. நீங்கள் வேண்டாமெண்டு சொன்னாலும் நான் அதைத் திருப்பி அனுப்பேல்லை. ஆனால் கோட்டுக்குக் கிட்ட வாகனம் நிக்கக்கூடாது. பிள்ளையார் அங்கை இருக்குமட்டும் நிக்கும்.”

“அப்ப எடுங்கோவன்.”

“நான் எடுக்க மாட்டன். பொலிஸும் எடுக்காது. எங்கடை பக்கத்திலை அரசாங்கம் ஒரு பிள்ளையாரிலை கை வைச்சா நாளைக்கு என்ன கதை வரும் எண்டு உங்களுக்கே தெரியும். குளக்கட்டடியிலை அகலமான வெளி இருக்கு. வாகனம் ரோட்டை விட்டு இறங்கி நிக்கலாம். அங்கை வைக்க நான் அனுமதி எழுதி எடுத்துத் தாறன். தூக்குறது நீங்கள்தான்.”

சங்கம் கூடியது. மயில்வாகனம் இரண்டு முறையும் செருமினார். “இருத்தின பிள்ளையாரைக் கிளப்புறது ஊருக்குக் கூடாது, பிள்ளை. ராஜரத்தினம் உயிர் தப்பினதே அவராலைதானே?” என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். கச்சான்காரர் இருவரும் மற்றவர்களைவிட வேகமாக ஆட்டினார்கள். வடிவம்மா கேட்டுப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள். ஒருவரும் எழும்பவில்லை.

அடுத்த நாள் காலை அவள் அலவாங்கை எடுத்துக்கொண்டு தனியே வேம்படிக்குப் போனாள். செருப்பைக் கழற்றி, ஒரு தேங்காயை உடைத்து, “கோவிச்சுக்காதப்பா” என்று பிள்ளையாரிடம் சொல்லிவிட்டு, அடிச் சாந்தில் ஓங்கிக் குத்தினாள். சத்தம் கேட்டு ஊர் வந்து சூழ்ந்தது. மயில்வாகனம் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார்.

“ஐயர் இல்லாமல் நீ என்னெண்டு எடுப்பாய்?”

“வக்கிறப்ப எந்த ஐயரு வந்தாரு? நான்தானே வச்சேன். நான்தான் எடுப்பேன். எம்புருசன் ரோட்ட தாண்டணும். தாண்ட ஏலாட்டி இந்தச் சாமி இங்க இருந்து யாருக்கு என்னா?”

தோட்டத்துப் பேச்சைக் கேட்டதும் எல்லோரும் ஓரடி பின்னால் போனார்கள். அவள் மறுபடி அலவாங்கை ஓங்கினாள். அது வழுக்கிப் பிள்ளையாரின் வயிற்றுக்குக் கிட்டவாகப் போனது. மயில்வாகனத்தால் அதற்கு மேல் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

“விடு, விடு. தும்பிக்கையை உடைக்கப் போறாய்” என்று அலவாங்கைப் பறித்தார். கோபம் கோபமாகத்தான் குத்தினார், ஆனால் பதமாகக் குத்தினார். சாந்து விட்டதும் நாலு பேர் கேட்காமலே வந்து பிடித்தார்கள். பிள்ளையார் உழவு இயந்திரத்தில் குளக்கட்டடிக்குப் போனார். கச்சான்காரர் இருவரும் கச்சான் கடகங்களைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே நடந்தார்கள்.

பத்து நாளில் மஞ்சள் கோடு வந்தது. இரண்டு பக்கமும் எச்சரிக்கைப் பலகை நட்டார்கள். பொலிஸார் ஒரு கிழமை நின்று, நிற்காமல் போனவர்களை மறித்தார்கள். அதன் பிறகும் எல்லா வாகனமும் நின்றது என்று சொல்ல முடியாது. பல நின்றன.

புதுக்கால் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. புதன்கிழமை காலை ராஜரத்தினம் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அன்றைக்கு வேலையைப் பார்வையிட வந்த பிரஷாந்தினி கடை வாசலில் நின்றார். வடிவம்மா இந்தப் பக்கம் நின்றாள். ராஜரத்தினம் கோட்டில் காலை வைத்தார். மணல் ஏற்றிய டிப்பர் ஒன்று மூச்சு வாங்கிக்கொண்டு நின்றது. அதற்குப் பின்னால் ஒரு பஸ், ஒரு ஓட்டோ, இன்னும் ஏதேதோ.

நடு வீதிக்குப் போனதும் அவருடைய கால் பட்டி கழன்றது. புதுப்பட்டி, இன்னும் பழகவில்லை. வடிவம்மா ஓடப் பார்த்தாள். அவர் அவளைத் திரும்பிப் பார்த்து, அங்கேயே நில் என்று கையைக் காட்டினார். பிறகு வீதி நடுவில் குனிந்து, சாரத்தை உயர்த்தி, பட்டியை இழுத்து ஒரு துளையில் மாட்டினார். பிடிக்கவில்லை, அவிழ்த்து அடுத்த துளையில் மாட்டினார். பின்னாலிருந்து ஓட்டோ ஒருமுறை ஹோர்ன் அடித்தது. டிப்பர் சாரதி தலையை வெளியே நீட்டி, “பொறடா. மனுசன் கால் கட்டுறது தெரியேல்லையே?” என்று கத்தினான்.

ராஜரத்தினம் நிமிர்ந்து, காலை ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டுத் தன்பாட்டில் நடந்தார். காப்பெட் போட்ட நாளிலிருந்து அவர் அந்த வீதியில் அவசரப்படாமல் நின்றதை வடிவம்மா கண்டதில்லை. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. எதிர்ப்பக்கத்தில் கடைக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. அவள் மதியச் சோற்றுக்கு அரிசி போட வீட்டுக்குள் போனாள்.