ஏழாவது படத்தில் ஒட்டிய கண்ணாடி

நாராயணபெருமாள் பகலில் பிறர் வீட்டுச் சுவர்களுக்குப் பெயிண்ட் அடிப்பவர். ஏணியில் கால் வைக்குமுன்பே தோள்பட்டை வலிக்கத் தொடங்கிவிடும். சாயங்காலம் குளித்து, கஞ்சி குடித்து, மிச்சமிருக்கிற தெம்பில் படம் வரைவார். எட்டு வருடமாக ஒரே கதை. கயிலாயத்தை விழுங்கிய குறோணி என்ற அரக்கனை மாயோன் ஆறு துண்டாக வெட்டிய கதை. துண்டுக்கு ஒரு படம். பனங்காய்போல உருண்ட கண்ணும் சுறாவின் பல்லுமாக, கோயில் சுவரில் எழுதுகிற மாடன்மாரின் சாயலில் ஆறு படம். ஏழாவதில், அரக்கனை முடிக்க மாயோனே மனிதனாகப் பிறந்துவந்த அய்யா வருகிறார்.

அய்யாவின் முகத்தை எப்படி வரைவது? அவர் வழியில் நடப்பவர்கள் சிலை வைப்பதில்லை. அவர்கள் கூடிக் கும்பிடுகிற தாங்கலில், முன்னால் விளக்கு வைத்த நிலைக்கண்ணாடிதான் இருக்கும். தலைப்பாகை கட்டி அதன் முன் நின்று கும்பிடுவார்கள். அதனால் கடலையும் பனையையும் ஜனத்தையும் வரைந்து, முகம் வரவேண்டிய இடத்தில் வட்டக் கண்ணாடி ஒன்றை ஒட்டிவிட்டார். போட்டோவைப் பார்த்த கொச்சி கண்காட்சிக்காரர்கள், ஏழும் வந்தால் ஒரு சுவர் முழுக்கத் தருகிறோம் என்றார்கள். 2012 ஆவணியில், நாற்பத்தொன்பதாவது வயதில், படம் வரைகிறவர் என்று அவரை ஒருவர் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

பிசகு வீட்டுக்குள்ளேயே நடந்தது. காய்வதற்காக முன்னறையில் சாய்த்து வைத்த படத்தின் முன்னால் மனைவி அன்னக்கிளி விளக்கை ஏற்றிவிட்டாள். "கண்ணாடி இருக்கு. விளக்கு இல்லேன்னா எப்படி?" என்றாள். வேலை முடிந்து வந்தவரும், தன்னை அறியாமல் தோளில் கிடந்த துவர்த்துத் துண்டைத் தலையில் கட்டி நின்றார். மறுநாள் அடுத்த வீட்டு முத்துக்கனி பூ கொண்டுவந்தாள். குவைத்துக்குப் போன மகன் முருகதாசிடமிருந்து மூன்று மாதமாகப் போன் இல்லை. தாங்கல்வரை நடக்க முட்டுவலி விடாதவள், பிறகு தினமும் இங்கேயே வந்து நின்றாள்.

வேன் வந்த காலையில் அவள் படத்தின் முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, கொஞ்சம் மாறிக்கிடுங்க. வண்டி நிக்கி."

"அய்யாவ எங்கலே கொண்டு போற?"

"இது படமாக்கும். கண்ணாடி நான் திங்கள்சந்தையில வாங்கினது."

"தாங்கல்ல இருக்கதும் கடையில வாங்கினதுதானே மக்கா."

நாராயணபெருமாள் அவள் பக்கத்தில் குத்தவைத்தார்.

"வேற கண்ணாடி வாங்கித் தாறேன்."

"எம்பிள்ளைக்கு வேண்டி நான் கரைஞ்சு அழுததெல்லாம் கேட்டது இது. புதுசுகிட்ட முதல்ல இருந்து சொல்லதுக்கு எனக்குச் சீவன் இல்லடே."

நாராயணபெருமாள் முற்றத்துக்குப் போய்க் கொச்சிக்குப் போன் செய்தார். ஆறு படத்தோடு வரட்டுமா என்று கேட்டார். மறுமுனையில் மரியாதையாகத்தான் பேசினார்கள். ஏழாவது இல்லாமல் அரக்கன் மட்டும்தானே மிச்சம், அடுத்த முறை பார்க்கலாம் என்று வைத்துவிட்டார்கள்.

வேன் ஓட்டி வந்த மரியான் முட்டத்துக்காரன். "ஆறு ஏத்தியாச்சு அண்ணே. அந்த அம்மாவ நைசா எழுப்பி அந்தால இருத்திட்டு எடுத்துரலாமே."

"உங்க கோயில்ல மாதா முன்னால ஒருத்தி முழங்கால்ல நிக்கும்போ, சுரூபத்தத் தூக்கி வண்டியில ஏத்துவியா?"

மரியான் தலையைச் சொறிந்தான். "அதெப்படி அண்ணே. சாமியாருக்க ஏச்சு யாரு கேக்க?"

"அப்போ இறக்கு மக்கா."

அவன் பின்கதவைத் திறந்தான். அய்யா விட்ட வழி என்று சொல்லிக்கொள்ளலாம் என்று நாராயணபெருமாள் நினைத்தார். ஆனால் எட்டு வருடம் தோளில் வந்து உட்கார்ந்தது போலிருந்தது. அரக்கனின் முதல் படத்தை ஒரு முனையில் பிடித்துத் தூக்கினார். முத்துக்கனி சுவரைப் பிடித்து எழுந்து வந்து மறுமுனையைப் பிடித்தாள்.

"இந்தச் சவத்துக்க மூஞ்சியக் கண்டாலே பயந்து பேடியாவுது. இதையா இத்தன வருசம் இருந்து வரைஞ்ச?"

"ஆமா அக்கா," என்றார். "கீழ பிடிங்க. கதவு நிலையில உரசாம வாங்க."