அடையாற்றுச் சேறும் ஒரு ‘மேல்’ குழப்பமும்

முதுகலை ஆய்வுக்கு அடையாற்றின் அடிச்சேறு தேவைப்பட்டது. முகத்துவாரத்தில் எடுக்க அனுமதி கிடைத்தது, பிப்ரவரியில் ஒரே ஒரு காலைக்கு. “சேறு அள்ளவா மெட்ராசுக்குப் போன?” என்றார் அம்மா. எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். சிரித்து மழுப்பினேன்.

விஷயம் இதுதான். வெள்ளம் வந்தால் ஆறு மணலைக் கொட்டும். அமைதியான ஆண்டுகளில் மெல்லிய சேறு படியும். அடியில் பழசு, மேலே புதுசு. ஒரு மணல் துகள் கடைசியாக வெயிலைப் பார்த்தது எப்போது என்று ஆய்வகத்தில் கணக்கிடலாம். எந்தக் காலத்தில் மழை கொட்டியது, எப்போது பொய்த்தது என்று அடுக்கடுக்காகத் தெரிந்துவிடும்!

மயிலாப்பூரிலிருந்து தோழி நூர்ஜஹானுடன் ஆட்டோவில் பெசன்ட் நகர் குப்பத்துக்கு இருபது நிமிடம். ஆறரை மணிக்கு, நீர் வற்றியிருந்தபோது, மீனவர் குமார் அண்ணனின் படகில் கிளம்பினோம். ஒன்றரை மீட்டர் குழாயைச் சேற்றில் அடித்து இறக்கி, உருவி, வெயில் படாமல் மூடி, கறுப்புத் தாள் சுற்றிப் படகில் கிடத்தினோம். என் கையெல்லாம் சேறு. “மேல்னு எழுதிடுங்க அண்ணே” என்று பேனாவை நீட்டினேன். எந்த முனை என்று சொல்லவில்லை, தெரியாதா என்ன?

கரைக்குத் திரும்பியதும் குமார் அண்ணன் கத்தினார்: “படகை மேல தள்ளும்மா!”

“மேலயா? பறக்கவா விடணும்?” என்றாள் நூர்ஜஹான்.

“மேலன்னா மேக்கு. இன்னாதான் படிக்கிறீங்களோ!”

நான் படகில் கிடந்த குழாயைத் திரும்பிப் பார்த்தேன். “அண்ணே, அப்போ குழாய்ல?”

“மேக்கால இருந்த முனைல எழுதிக்கீறேன். ஏம்மா?”

தலைகீழாகப் படித்தால் என் ஆய்வில் பழைய வறட்சி நேற்றைய வறட்சியாகிவிடும். இன்னொரு குழாய் எடுக்க அனுமதியில்லை. நல்லவேளை, வெளிச்சம் பட்டிருக்கும் என்று இரு முனைச் சேற்றையும் ஆய்வகத்தில் எப்படியும் கழித்துவிடுவோம். மூடிகளை மட்டும் கழற்றினேன். ‘மேல்’ என்றிருந்த முனையில் இறுகிய சாம்பல் களிமண். மறுமுனையில் கறுப்புச் சேறு, அதில் மடங்கிய ஷாம்பு பாக்கெட் ஒன்று.

“இதான் மேல்!” நான் போட்ட கூச்சலில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“நான் போட்டதா கூட இருக்கும்மா” என்றார் குமார் அண்ணன், பெருமையாக.

நீங்களும் போவதாக இருந்தால்: செருப்பு வேண்டாம், சேறு பிடுங்கிக்கொள்ளும். நீர் வற்றும் நேரத்தை முந்தின நாளே குப்பத்தில் கேட்டுவையுங்கள். குழாய் சேற்றில் நிற்கும்போதே வானத்தைப் பார்த்து ஓர் அம்புக்குறி போட்டுவிடுங்கள். எழுத்துதான் வேண்டுமென்றால், யாருடைய ‘மேல்’ என்று வாய்விட்டுக் கேளுங்கள். என்னைப் போன்றவர்கள் இரண்டு முறை கேளுங்கள்.