முப்பத்தொரு கட்டடங்களின் பட்டியல்

மலாயாவின் ஈப்போ நகரில், புதுக் கடைத்தெருவில் வளைவுகளையும் சன்னல்களையும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு போகிறவர்களில் ஒருவருக்கும் சதாசிவத்தைத் தெரியாது. அங்கே பாதிக்கு மேல் அவர் கையால் வரைந்த கட்டடங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து பத்தொன்பது வயதில் வந்து ஒரு வெள்ளைக்கார ஆர்க்கிடெக்டின் அலுவலகத்தில் உட்கார்ந்தவர், பதினெட்டு வருடமாகியும் அதே மேசையில்தான் இருந்தார். இடம் பார்ப்பதும், அளவெடுப்பதும், சுவரின் கனத்தை முடிவு செய்வதும் அவர் வேலை. துரை கடைசியில் வந்து கையெழுத்துப் போடுவார். சில பிளான்களை அவர் பிரித்துக்கூடப் பார்த்ததில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில் ஒரு புதுச் சட்டம் வரப்போவதாகப் பேச்சு அடிபட்டது. சீமையில் தேர்வு எழுதிப் பதிவு பெற்றவர்களின் பிளான் மட்டுமே இனிச் செல்லும். என்றாவது ஒரு நாள் தன் பெயரில் ஒரு பிளான் கொடுத்துவிட வேண்டும் என்று காத்திருந்த சதாசிவத்துக்கு அது கதவை அடைத்துப் பூட்டுவது போலிருந்தது. இங்கேயே ஒரு தேர்வு வைத்து, பத்து வருடம் வரைந்தவர்களையும் பதிவு செய்யலாமே? சட்டம் செய்கிறவர்களிடம் யாராவது போய் இதைச் சொல்ல வேண்டும்.

ஊரில் பிளான் வரைகிற ஒன்பது பேரையும் வீடு வீடாகப் போய்ப் பார்த்தார்.

"துரைமாருக்கு எங்கடை வேலை தெரியாது. நாங்களே போய்ச் சொல்லாட்டி ஆர் சொல்லப் போகினம்?"

அவர்களில் ஒருவரான பழனியப்பன் சிரித்தார். "போனா நமக்கு நாக்காலி போடுவான்னு நெனைக்கிறீங்களா அண்ணே? நாக்காலிக்கு ஒரு பிளான் போட்டுக் குடுத்துட்டு வெளிய நில்லுன்னுவான்லா."

சரி என்றவன் ஒருவன்தான், அர்ச்சுனன். சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிற சன்னாசியின் மகன். கூலிகளின் வரிசை வீடான லயத்தில் பிறந்து, ஓர் அரசாங்க அலுவலகத்தில் பிளான் வரைகிறவனாக உயர்ந்து, மனைவி வீரம்மாவோடு அரசாங்கக் குவார்ட்டர்ஸில் குடியிருந்தான். வேலை முடிந்த பிறகு சீனக் கடைக்காரர்களுக்கும் வரைந்து கொடுப்பான். அது அரசாங்க விதிக்கு விரோதம். எல்லாருக்கும் தெரியும், யாரும் கேட்டதில்லை.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் சதாசிவத்தின் வீட்டில் உட்கார்ந்து இருவரும் பட்டியல் தயாரித்தார்கள். சதாசிவத்தின் மனைவி அம்பிகை மதியச் சாப்பாடு போட்டாள். முப்பத்தொரு கட்டடங்கள். தெரு, வருடம், வரைந்தவர், கையெழுத்திட்டவர் என நான்கு கட்டங்கள். அவற்றில் ஏழு அர்ச்சுனன் சீனக் கடைக்காரர்களுக்கு வரைந்தவை, மீதி சதாசிவத்தினுடையவை.

"என் பேரு எதுக்குண்ணே? கட்டடத்த மட்டும் எழுதினாப் போதாதா?"

"அளவு போடாத பிளானை ஆர் தம்பி நம்புவான்? முழுக்க எழுதும். உண்மையைச் சொல்லுறதுக்கு என்ன பயம்?"

அர்ச்சுனன் எழுதினான்.

பட்டியலோடு ரயிலேறித் தைப்பிங் நகருக்குப் போன அன்று அங்கே விடாத மழை. சட்டத்தை ஆராய்கிற குழுவின் துரைமார் இருவர் தேநீர் குடித்து முடிக்கும்வரை இவர்கள் படியில் நனைந்தபடி நின்றார்கள். உள்ளே கூப்பிட்டதும் ஒரு துரை பட்டியலை மெதுவாகப் படித்தார்.

"மிக அழகான எழுத்து. இதெல்லாம் உண்மைதானா?"

"உண்மைதான் ஐயா" என்றான் அர்ச்சுனன். "இந்த ஏழும் நானே வரைஞ்சது. மூணு வருஷத்துல." கோட்டுப் போட்ட ஒருவர் அவன் வேலையைப் பற்றி அவனிடமே கேட்டது அதுதான் முதல் தடவை.

"அப்படியானால் கீழே கையெழுத்துப் போடுங்கள்."

போட்டார்கள். ரயிலில் திரும்பும்போது அர்ச்சுனன் ஓயாமல் பேசினான். தன் பெயரில் முதலில் என்ன கட்டுவது என்று இருவரும் சண்டைகூடப் போட்டார்கள்.

குழுவின் அலுவலகத்தில் பட்டியல் நகலெடுக்கப்பட்டு, ஒன்று அர்ச்சுனனின் மேலதிகாரிக்கும் இன்னொன்று சதாசிவத்தின் துரைக்கும் போனது. பதிவைப் பற்றி ஒரு வரிகூடப் பதில் வரவில்லை. இரண்டாவது வாரம், விதியை மீறியதோடு பொய்யும் சொன்னதாக எழுதி அர்ச்சுனனை வேலையிலிருந்து நீக்கினார்கள். மூன்று நாளில் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய உத்தரவு.

சதாசிவத்தின் துரை கத்தவில்லை. தட்டச்சடித்த ஒரு தாளை மேசையில் நகர்த்தி வைத்தார். 'என் பெயரில் உள்ளவை எல்லாம் துரை வரைந்தவை. அவர் பென்சில் கோட்டின் மேல் நான் மசி மட்டுமே போட்டேன். பட்டியல், அர்ச்சுனன் என்பவன் தன் நன்மைக்காகச் சொன்ன பொய்.' அப்படி இருந்தது அதில்.

"கையெழுத்துப் போட்டால் மேசை உன்னுடையது. இல்லாவிட்டால் உன் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பு."

சதாசிவம் இரண்டு தடவை படித்தார். அதில் ஓர் எழுத்துப் பிழை இருந்தது. அதைத் திருத்திவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் மாலை அவர் வீட்டு வாசலில் ஒரு மாட்டுவண்டி வந்து நின்றது. பாயும் பானையுமாக வீரம்மா அதில் உட்கார்ந்திருந்தாள். அர்ச்சுனன் மட்டும் இறங்கி வந்தான்.

"அப்பன் லயத்துக்கே போறோம்ண்ணே. ஒரே ஒரு கடுதாசி குடுங்க. பட்டியல் உண்மைதான், நீங்க சொல்லித்தான் எழுதினேன்னு. அது இருந்தா தஞ்சோங் மாலிம் பக்கம் எங்கயாவது பிளான் வேல கேக்கலாம். பொய்க்காரன்னு பேரு வந்துருச்சுண்ணே. எவனும் சேக்க மாட்டேங்கிறான்."

"இப்ப ஏலாது தம்பி."

"எப்ப வரட்டும்?"

சதாசிவம் கதவைப் பாதி சாத்தினார். அர்ச்சுனன் அவர் முகத்தைப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது.

"நீங்களும் என்னப் பொய்க்காரன்னு எழுதிக் குடுத்துட்டீங்களா?"

வண்டியிலிருந்து வீரம்மா கத்தினாள். "அந்தாளுகிட்ட என்ன கெஞ்சிக்கிட்டு நிக்கிற? ஒன் கைய ஒடிச்சவன் அவன்தான். ஏறுய்யா!"

வண்டி தெருக்கோடியில் திரும்பியது. சதாசிவம் கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்தார். அம்பிகை சாப்பிடும் தட்டோடு நின்றிருந்தாள்.

"அர்ச்சுனன்ர குரல் மாதிரிக் கேட்டுது."

"இல்லை. ஆரோ வேலை கேட்டு வந்தவன்."

அம்பிகை அவரைப் பார்த்தாள். வெறும் தட்டை அவர் முன்னால் வைத்துவிட்டு, சோறு பரிமாறாமல் உள்ளே போய்விட்டாள்.