வார்டன் படித்த கடிதங்கள்

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மிஷன் பள்ளியின் பெண்கள் விடுதிக்குக் கிருபாபாய் டீச்சர் பதினெட்டு வருஷம் வார்டனாக இருந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. உலகத்தின் இச்சைகள் பிள்ளைகளை அண்டாமல் காப்பதே தன் ஊழியம் என்று நம்பினார். பக்கத்துக் கொட்டகையில் மாலைக் காட்சிக்குப் பாட்டுப் போட்டதும் மணியடித்து, அதைவிடச் சத்தமாகக் கீர்த்தனை பாட வைப்பார். காட்சி ஒருநாளும் தவறாததால் அந்தப் பிள்ளைகளுக்கு நல்ல தொண்டை வாய்த்தது.

வருகிற கடிதம், போகிற கடிதம் எல்லாம் அவர் படித்த பிறகுதான் கைமாறும். காதல், சினிமா, மாமன் மகன் என்று எது தட்டுப்பட்டாலும் கறுப்பு மையால் அடித்துவிடுவார். ஒருத்திக்கு வந்த அக்கா கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயரே தெரியவில்லை.

எண்பத்தேழில் தளவாய்புரத்திலிருந்து ஆறாம் வகுப்பில் வந்து சேர்ந்த பரிபூரணம், அம்மாவுக்கு எழுதிய முதல் கடிதத்தின் கடைசியில், 'இதைப் படிக்கிற வார்டன் டீச்சருக்கும் வணக்கம்' என்று எழுதியிருந்தாள். டீச்சர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். எந்தச் சட்டத்தில் அடிப்பது என்று தெரியாமல் அப்படியே தபாலில் சேர்த்தார்.

அவளுடைய அம்மா தங்கபாயும் பதிலில் டீச்சருக்கு ஸ்தோத்திரம் சொல்லி, மகளுக்கு இருமல் வரும், பார்த்துக்கொள்ளுங்கள் என்று எழுதினாள். அன்றிலிருந்து பரிபூரணத்துக்கு மிளகுப்பால் கிடைத்தது. டீச்சரும் தளவாய்புரத்துக் கடிதத்தைத்தான் முதலில் பிரித்தார்.

மூன்று வருஷம் கழித்து வந்த ஒரு கடிதம் முழுக்கக் கவலையாக இருந்தது. மூத்தவள் செல்வராணி, ராஜபாளையம் மில்லில் வேலை பார்க்கும் மாரிச்சாமியைத்தான் கட்டுவேன் என்று நிற்கிறாளாம். அவனோ இந்து. அப்பா பேச்சையே நிறுத்திவிட்டாராம். சின்னவளுக்குத் தெரியாமல் அழித்துவிட்டு, தனக்கு ஒரு வழி சொல்லச் சொல்லி முடித்திருந்தாள் தங்கபாய்.

டீச்சர் சுத்தமாக அழித்தார். பிறகு தங்கபாயை வரச்சொல்லி ஆளனுப்பினார்.

"இதுல நான் என்ன சொல்ல முடியும், தங்கபாய்?"

"எங்க வீட்டு லெட்டர் அம்புட்டையும் படிச்சது நீங்கதான், டீச்சர். எங்க நெலம வேற யாருக்குத் தெரியும்?"

டீச்சர் கடிதத்தை மடித்து வைத்தார். பையன் குடிப்பானா என்று கேட்டார்.

"டீ கூடக் குடிக்க மாட்டான்."

"பொறவென்ன. நான் ஜெபிக்கேன். நீ கல்யாண வேலையப் பாரு."

ரிஜிஸ்தர் ஆபீசில் பெண் பக்கம் சாட்சிக்கு ஆள் குறைந்தது. கூடப் போயிருந்த டீச்சர் கையெழுத்துப் போட்டார். விஷயம் பள்ளிக் கமிட்டிக்கு எட்டியதும் விளக்கம் கேட்டார்கள். மறைக்காமல் சொன்னார். வார்டன் வேலையிலிருந்து நீக்குவதென்று முடிவாயிற்று. ஆனால் அறுபது பிள்ளைகளோடு விடுதியில் தங்க வேறு யாரும் முன்வரவில்லை. இரண்டு வாரம் பார்த்துவிட்டு, கமிட்டியே சாவிக்கொத்தைத் திரும்ப அவரிடம் கொடுத்தது.